வெர்டெல் ஃபென்ஸ்கியின் வாசலில் ஒரு சாய்தளம்

தான் வாழ்ந்த தெருவிலேயே வாழ்ந்து முடிவதற்கு ஒருவர் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? யாரிடமும் வேண்டாம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். நகர அலுவலகத்தில் நிலப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெர்டெல் ஃபென்ஸ்கி கேட்க வேண்டியிருந்தது. சபையிடம் கேட்டார், நகர மன்றத்திடம் கேட்டார், தன் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்களிடம் கேட்டார். எல்லோரும் மரியாதையாகவே பதில் சொன்னார்கள்.

ஹார்ட்லி மில்ஸ் தொடக்கப் பள்ளியின் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர் வெர்டெல். எங்கள் ஊரில் அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப் பேர் அவர் கரண்டியிலிருந்து உருளைக்கிழங்கு மசியல் வாங்கியவர்கள்தான். அன்பானவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. பாலைக் குடிக்காமல் தட்டைத் திருப்பிக் கொடுத்தால் விடமாட்டார். ஆட்களை அவர் பெயரால் நினைவு வைத்திருக்கவில்லை, மிச்சம் வைத்த உணவால் நினைவு வைத்திருந்தார். வங்கி மேலாளர் அவருக்குக் கடைசி வரை கேரட் பையன்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "யாரும் கேக்கல. கேட்ட ஒருத்தன் சாப்பிடும்போது சத்தம் போட்டான்" என்று சொல்வார்.

ஏழு வயது இளையவரான தம்பி ஓரின், காகித ஆலையில் வேலை பார்த்தவர். விவாகரத்துக்குப் பிறகு இரண்டு பெட்டிகளோடு அக்கா வீட்டுக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். வீடு வெர்டெலின் பெயரில் இருந்தது. லார்ச் தெருவில், நல்மேய்ப்பர் கிறிஸ்தவ சபையை ஒட்டிய மர வீடு. முன்பக்கம் குறுகல்தான், ஆனால் பின்புறம் மனை நீளமாக ஓடி, சபையின் புல்வெளியின் ஒரு பக்கம் முழுவதையும் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த வீட்டின் ஒரே குளியலறை மாடியில் இருந்தது. பதினான்கு படிகள். முழங்கால் போய், பிறகு இடுப்பும் தேய்ந்தபோது வெர்டெல் ஒரு முறை கண்டுபிடித்தார். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறுவார். மேலே போய்ச் சேரப் பதினோரு நிமிஷம். இறங்குவது கொஞ்சம் சுலபம், ஒன்பது. பிடித்து நடக்க மேலே ஒரு வாக்கர், கீழே ஒரு வாக்கர். மேலே இருந்த வாக்கரின் அகலம் இருபத்தைந்து அங்குலம், குளியலறைக் கதவின் அகலம் இருபத்துமூன்று. அதனால் வாக்கரை வெளியே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். இதை அவர் யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை. நிமிஷக் கணக்கைக்கூட ஓரின்தான் எனக்குச் சொன்னார்.

சபைக்கு மூன்று ஏக்கர் நிலம் இருந்தது. கட்டடமும் கார் நிறுத்துமிடமும் போக, மீதியெல்லாம் புல்வெளி. தெருக்காரர்கள் நாயை அங்கேதான் ஓடவிட்டார்கள். பிள்ளைகள் கோடையில் பந்து விளையாடினார்கள், பனிக்காலத்தில் சறுக்கினார்கள். நாற்பது வருஷம் இப்படிப் போனதில் அது பூங்கா என்றே எல்லோரும் நம்பிவிட்டார்கள். சபைக்கோ ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர்கூடச் சேரவில்லை, கூரை ஒழுகியது. முதியோருக்கு வீடு கட்டித்தரும் ஒரு தொண்டு நிறுவனம் புல்வெளியில் மூன்று மாடிக் கட்டடம் கட்டலாம் என்று முன்வந்தது. நாற்பது சிறிய வீடுகள், லிஃப்ட், அகலமான கதவுகள். அறுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, ஓய்வூதியத்துக்குள் அடங்கும் வாடகையில். சபை ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த நிலம் வழிபாட்டுக்கென்று வகைப்படுத்தப்பட்டது. குடியிருப்பு கட்ட வேண்டுமானால் நகர மன்றம் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும்.

புதிய கட்டடத்தின் வரைபடத்தில், தரைத்தளத்தில் பின்பக்கம் இருந்த நூற்றெட்டாம் எண் வீட்டைச் சுற்றி வெர்டெல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். கதவுகளின் அகலத்தை நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்து கேட்டுக்கொண்டார். முப்பத்தாறு அங்குலம்.

அக்கம்பக்கத்தாரிடம் விஷயத்தைச் சொல்ல மே மாதம் சபையின் நிலவறையில் ஒரு கூட்டம் நடந்தது. சபையின் பாஸ்டர் கேண்டஸ் அரிசோனாவிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. படங்களைக் காட்டிப் பேசினார். வந்தவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். "சுவாரசியமாத்தான் இருக்கு" என்றார்கள். "நெறைய யோசிச்சிருக்கீங்க" என்றார்கள். அரைமணி நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

"ரொம்ப நல்லாப் போச்சு, இல்லையா வெர்டெல்?" என்றார் பாஸ்டர். "ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசலையே."

"நாலு தட்டு இனிப்பு வெச்சேன், பாஸ்டர். மூணு தட்டு அப்படியே இருக்கு."

"பசிக்கலையோ என்னவோ."

"இந்த ஊர்ல இனிப்பு சாப்பிடறதுக்குப் பசி வேணுமா? சண்டைன்னா இங்க இப்படித்தான் ஆரம்பிக்கும். கத்துறவன் நாளைக்கே சரியாயிடுவான். கோட்டை மாட்டுறவனைத்தான் பாத்துக்கணும்."

பாஸ்டர் சிரித்தார். மறுநாளே நகர அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கம்பக்கத்தார் திட்டத்தைக் கேட்டார்கள், ஆட்சேபனை எதுவும் எழவில்லை என்று. பொய் எழுதவில்லை. அவர் கண்டதைத்தான் எழுதினார். அந்தக் கடிதம் பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டுவெய்ன் பெஸ்லர் வந்து பார்த்தார்.

டுவெய்ன் காப்பீட்டு முகவர், புல்வெளிக்கு மறுபக்கம் வீடு. என் அலுவலக ஜன்னல் முன்னால் நின்று கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மரியாதைக்குப் பேசாம இருந்தோம்" என்றார். "அதைச் சம்மதம்னு எழுதிட்டாங்களே." அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. என்னைக் கேட்டால், கட்டடத்தை மன்னித்திருப்பார்கள். அந்தக் கடிதத்தை அவர்களால் மன்னிக்க முடியவில்லை. ஒரு வாரத்தில் லார்ச் தெருவின் முன்தோட்டங்களில் பலகைகள் முளைத்தன. 'நம் பசுமையைக் காப்போம்'.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை டுவெய்ன் பலூன் பறக்கவிட்டார். கட்டடத்தின் கூரை முப்பத்தெட்டு அடி உயரம் வரும் என்று சபை கொடுத்த விண்ணப்பத்தில் இருந்தது. முப்பத்தெட்டு அடி என்றால் என்ன என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, தூண்டில் நூலை அளந்து வெட்டி, நாலு மூலையிலும் நாலு சிவப்புப் பலூன்களைக் கட்டினார். தெருவே திரண்டு நின்று அண்ணாந்து பார்த்தது. நகர மன்ற உறுப்பினர் கர்ட்டும் வந்திருந்தார். காற்று அடித்தது. பலூன்கள் நாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து புல்லுக்குப் பக்கத்தில் வந்து ஆடின.

"இப்ப இருபதடிகூட இல்லையே, டுவெய்ன்" என்றார் கர்ட்.

"காத்து, கர்ட். காத்து நிக்கட்டும். நூல் சரியா முப்பத்தெட்டு. நானே அளந்தேன்."

"அப்ப கட்டடத்தையும் சாய்ச்சே கட்டச் சொல்லிடலாம்."

வெர்டெல் தன் வேலியோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "என்னடா ஓரின், யாருக்குப் பொறந்த நாள்?" என்று தம்பியிடம் உரக்கக் கேட்டார்.

"அந்த உயரத்துக்குக் கூரை வரும், மிஸ் ஃபென்ஸ்கி" என்றார் டுவெய்ன். "மூணாவது மாடியிலேருந்து எங்க சமையலறை அப்படியே தெரியும்."

"எனக்குக் கீழ் மாடிதான் வேணும். ஒங்க சமையலறையைப் பாக்கணும்னு எனக்கு ஆசையும் இல்ல. நீ சின்னப்ப சாப்பிட்டதை முப்பது வருஷம் முன்னாடியே பாத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டுவெய்னும் சிரித்தார், காது சிவக்க. காற்று நின்றபோது பலூன்கள் நிமிர்ந்து மேலே போயின, சிரிப்பும் நின்றது. உண்மையிலேயே உயரமாகத்தான் இருந்தது. அதை மறுப்பதில் அர்த்தமில்லை. அவர்கள் பயந்ததில் பாதி நியாயமானதுதான். நிழல் விழும், வண்டிகள் கூடும், மழைத்தண்ணீர் பள்ளமான வீடுகளுக்கு ஓடும். கெட்டவர்கள் எதிர்த்தார்கள், நல்லவர்கள் தோற்றார்கள் என்று எழுத முடிந்தால் எனக்கு வேலை சுலபம்.

கருத்துக்கேட்புக் கூட்டம் அக்டோபர் முதல் வாரத்தில் நடந்தது. ஆளுக்கு மூன்று நிமிஷம். மேடையில் ஒரு சின்ன விளக்கு, பச்சை, மஞ்சள், சிவப்பு. வெர்டெலை நாற்காலியில் உட்கார்ந்தே பேச அனுமதித்தார்கள்.

"எம்பேரு வெர்டெல் ஃபென்ஸ்கி. லார்ச் தெரு நூத்திப் பதினாலு. கர்ட், பட்டாணியைப் பேண்ட் பாக்கெட்ல போட்டு எடுத்துட்டுப் போவியே, ஞாபகம் இருக்கா?" அரங்கு சிரித்தது. கர்ட் கையைத் தூக்கி ஒப்புக்கொண்டார். "எனக்கு ஒரே தளத்துல ஒரு பாத்ரூம் வேணும். தெருவை விட்டுப் போக இஷ்டமில்ல. ரெண்டும் கிடைக்கிற இடம் ஊர்ல வேற இல்ல, தேடிட்டேன். அவ்வளவுதான்."

விளக்கு இன்னும் பச்சையாகவே இருந்தது. அவர் முடித்துவிட்டார்.

அடுத்துப் பேசியவர்களில் ஒருவர் ரோண்டா. எதிர்வீட்டுக்காரர். தினமும் காலையில் வெர்டெலின் செய்தித்தாளைத் தெருவோரத்திலிருந்து எடுத்துக் கதவடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

"எனக்கு மிஸ் ஃபென்ஸ்கியை ரொம்பப் பிடிக்கும்" என்றார் ரோண்டா. "இது அவங்களைப் பத்தினது இல்ல. ஆனா நாப்பது வீடு. நாப்பது வீட்டுலயும் வயசானவங்க. வாரத்துக்கு ரெண்டு ஆம்புலன்ஸாவது வரும், இல்லையா? எம்பொண்ணுக்கு ஆறு வயசு. ஜன்னல் வழியா தினம் அதையே பாத்துக்கிட்டு அவ வளரணுமா? நான் கெட்டவ இல்ல. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

வெர்டெல் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையின் பட்டனைத் திறந்து மூடினார்.

அன்று எதிர்த்துப் பேசியவர்கள் பத்தொன்பது பேர். குறிப்பெடுத்தவன் நான். அவர்களில் பதினோரு பேர், இது மிஸ் ஃபென்ஸ்கியைப் பற்றியது இல்லை என்றார்கள். வேறு யாரைப் பற்றியது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மன்றத்தில் ஏழு உறுப்பினர்கள். ஐந்து பேர் ஆதரவு என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. சாதாரணமாக நாலு போதும். ஆனால் எங்கள் ஊர்ச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. நிலத்தைச் சுற்றி நூறு அடிக்குள் இருக்கும் மனைகளில் ஐந்தில் ஒரு பங்கு நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆட்சேபனை மனுவில் கையெழுத்திட்டால், ஏழில் ஆறு பேர் ஆதரிக்க வேண்டும். ஆட்களின் எண்ணிக்கை இல்லை, நிலத்தின் அளவுதான் கணக்கு. டுவெய்ன் வீடு வீடாகப் போனார். நூறு அடிக் கோட்டைப் போட்டு மனைகளை அளந்து கூட்டும் வேலை எனக்கு. பதினேழு சதவீதம் வந்தது. இருபதுக்கு மூன்று குறைவு. போட மறுத்தவர்கள் போக, கேட்காமல் மிச்சம் இருந்த மனை ஒன்றுதான். நீளமாக ஓடும் வெர்டெலின் மனை. அது மட்டும் ஒன்பது சதவீதம்.

"அப்ப முடிஞ்சுது" என்றார் டுவெய்ன், என் ஜன்னல் முன்னால். "அவங்க கிட்ட போய் நான் கேக்க மாட்டேன். அவ்வளவு மோசமானவன் இல்ல."

அவர் கேட்கவும் இல்லை. கேட்பதற்குப் பதிலாக அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறு பேருடன், ஒரு டிரக் நிறையப் பலகைகளுடன் வெர்டெலின் வாசலுக்கு வந்தார். வாசலில் மூன்று படிகள் இருந்தன. அவற்றின் மேலே சாய்தளம் கட்டித்தரப் போவதாகச் சொன்னார். பலகை, ஆணி, உழைப்பு எல்லாம் தெருக்காரர்களுடையது.

நல்ல வேலை. அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு அங்குலம் உயர்வதற்கு ஒரு அடி நீளம் என்ற சரிவை மீறவில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி, கை கீறாதபடி உப்புத்தாள் தேய்த்திருந்தார்கள். நகராட்சி அனுமதி மட்டும் வாங்கவில்லை. தெருவிலிருந்து விட வேண்டிய இடைவெளியிலும் எட்டடி முன்னால் வந்திருந்தது. ஆறு மாதமாக விதி விதி என்று என்னிடம் பேசிய அதே ஆட்கள். நான் அந்தப் பக்கம் காரில் போனேன், பார்த்தேன், வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன்.

வெர்டெல் மிளகாயும் பீன்ஸும் போட்டு ஒரு பெரிய பாத்திரம் இறைச்சிக் குழம்பு வைத்திருந்தார். ஆளுக்கு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்கள்.

"கதவைத் தெறந்தா நேரா தெருவுக்குப் போயிடலாம், மிஸ் ஃபென்ஸ்கி" என்றார் டுவெய்ன். "ஒரு படிகூடக் கிடையாது."

"தெருவுல எனக்கு என்னடா வேலை?"

"எங்க வேணும்னாலும் போகலாம். இல்ல, போகவே வேண்டாம். என்ன வேணும்னாலும் எங்களைக் கூப்பிடுங்க. ராத்திரி பகல்னு பாக்காதீங்க. நாங்க இத்தனை பேர் இருக்கோம்."

"பாத்ரூம் போகணும்னா?"

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ரோண்டாவின் கணவர் குழம்பைச் சிந்திக்கொண்டார். வெர்டெல் சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் வேடிக்கை பேசுவது அவர் வழக்கம் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த வீட்டுக்குள் அத்தனை வருஷமாக வந்துபோன ஒருவர்கூட, குளியலறை எங்கே இருக்கிறது என்று அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பலகையை வேறு விதமாக வெட்டியிருப்பார்களோ, தெரியாது. ஓரின் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, ஏறிக்கொண்டிருந்தபோது ஏழாவது படியில் வெர்டெலின் கை வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. தெருவில் எல்லோரும் தங்கள் வீட்டு வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ரோண்டா வீட்டுச் செருப்போடு ஓடிவந்து வெர்டெலின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று அழுதார். ரோண்டாவின் மகள் ஜன்னலில் நின்றிருந்தாள். ஸ்ட்ரெச்சர் சாய்தளத்தில் ஒரு குலுக்கலும் இல்லாமல் இறங்கியது. ஆம்புலன்ஸ்காரர்களில் ஒருவர், "நல்லாக் கட்டியிருக்காங்களே" என்று பாராட்டினார்.

"சாப்பாடு போட்டேன்ல" என்றார் வெர்டெல், கண்ணை மூடியபடி.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனையின் சமூக சேவகி ஓரினிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். குளியலறை அதே தளத்தில் இல்லாத வீட்டுக்கு அவரை அனுப்ப முடியாது. மாவட்டத்தின் மறுகோடியில், நாற்பத்திரண்டு மைல் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுக்கை கிடைத்தது. இரண்டு பேருக்கு ஒரு அறை. பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்குக் காது கேட்காது, தொலைக்காட்சி பகல் முழுவதும் அலறியது. இரவு உணவு நாலரை மணிக்கே வந்துவிடும். மசியல் பொடியைக் கரைத்துச் செய்தது. அதைச் சொல்லும்போது மட்டும் வெர்டெலின் குரல் உடைந்தது என்றார் ஓரின்.

ஓரின் தினமும் போனார். கட்டட வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லி வெர்டெல் அதைச் சுவரில் ஒட்டவைத்தார்.

"எத்தனை பேர் நம்ம பக்கம்?" என்று கேட்பார்.

"அஞ்சு."

"மாறிட மாட்டாங்களே?"

"மாட்டாங்க. டுவெய்னோட மனு பதினேழுலயே நிக்குது. வேற யாரும் போடல."

"கட்டி முடிக்க?"

"ஒன்றரை வருஷம்ங்கறாங்க, வெர்டி."

"அப்ப எனக்கு எம்பத்திமூணு. தாங்கிடுவேன்டா. இந்த மசியலைத் தின்னே தாங்கிட்டா, எதையும் தாங்கலாம்."

வாக்கெடுப்பு டிசம்பர் இரண்டாவது செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. ஆட்சேபனை மனுவுக்குக் கடைசி நேரம் அதற்கு முந்தைய நாள் நண்பகல்.

அதற்குப் பத்து நாள் முன்பு, டுவெய்னும் ரோண்டாவும் ஒரு பூந்தொட்டியோடு வெர்டெலைப் பார்க்கப் போனார்கள். ஓரின் அப்போது காப்பி வாங்கக் கீழே போயிருந்தார். அரைமணி நேரம் இருந்தார்கள். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று இருவருமே பிற்பாடு சொன்னார்கள், நான் நம்புகிறேன். பனியைப் பற்றிப் பேசினார்களாம். சாய்தளத்தில் பனி சேராமல் முறை போட்டு அள்ளிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்களாம்.

அதற்கு மறுவாரம் செவ்வாய்க்கிழமை என் மேசைத் தொலைபேசி அடித்தது. பின்னணியில் தொலைக்காட்சிச் சத்தம்.

"நான் வெர்டெல் ஃபென்ஸ்கி. அந்த ஆட்சேபனை மனுவுக்கு ஃபாரம் ஒண்ணு இருக்காமே?"

"இருக்குங்க, மிஸ் ஃபென்ஸ்கி."

"எனக்கு ஒண்ணு அனுப்புங்க."

"படிச்சுப் பாக்கறதுக்கா?"

"தபால்ல அனுப்புனா வியாழக்கிழமை வந்துடுமில்ல?"

வந்துவிடும் என்றேன். தன்னை எதிர்ப்பவர்கள் என்ன எழுதிக் கையெழுத்திட்டார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறார் என நினைத்தேன். உறையில் போட்டு அன்று மாலையே அனுப்பினேன்.

திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு ஓரின் ஜன்னல் முன்னால் வந்து நின்றார். தொப்பியில் பனி. கோட்டின் உள்பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இதை நான் பதிவு செய்தால் சதவீதம் இருபத்தாறு ஆகிவிடும், நாளைக்கு ஆறு ஓட்டு வேண்டும், ஐந்துதான் இருக்கிறது.

"தெரியும்" என்றார் ஓரின்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"உங்களைவிட நல்லாத் தெரியும். சுவத்துல எழுதி வெச்சுக் கணக்குப் போட்டா."

"ஏன் ஓரின்?"

"சொல்லல. நானும் கேக்கல. கொண்டுபோய்க் குடுடான்னா. வழியில ரெண்டு தடவை வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன்." தொப்பியைக் கழற்றி உதறினார். "நீங்க வாங்கிக்கங்க. வாங்கிட்டா நான் போயிடுவேன்."

வாங்கி முத்திரை குத்தினேன். மறுநாள் ஐந்து பேர் ஆதரித்தார்கள், இரண்டு பேர் எதிர்த்தார்கள், திட்டம் தோற்றது. அரங்கில் யாரும் கைதட்டவில்லை. டுவெய்ன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். வெர்டெல் அந்த இல்லத்தில் இன்னும் பதினான்கு மாதம், இறக்கும் வரை இருந்தார். ஏன் கையெழுத்திட்டீர்கள் என்று பாஸ்டர் கேண்டஸ் மூன்று முறை போய்க் கேட்டார். ஓரின் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் வெர்டெல் மசியலைப் பற்றிப் பேசினார். சாய்தளத்துக்கு நன்றிக்கடன் என்றார்கள் சிலர். கூட்டத்தில் பட்ட அவமானம் என்றார் பாஸ்டர். வேண்டாதவர்கள் நடுவில் ஒரு வீட்டை ஓட்டுப் போட்டு வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்திருப்பார் என நானும் சில நாள் எண்ணியதுண்டு. அப்படி நினைப்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

அந்த மனு இன்னும் கோப்பில் இருக்கிறது. பெயரும் மனை எண்ணும் பெரிய எழுத்தில், பள்ளிச் சமையலறைக் கரும்பலகையில் அன்றைய உணவை எழுதும் அதே நேரான கையெழுத்தில். சாட்சிக் கையெழுத்து இல்லத்தின் செவிலியுடையது. அதற்குக் கீழே, ஆட்சேபனைக்கான காரணத்தை விரும்பினால் எழுதலாம் என்று மூன்று வரிகள் விட்டிருக்கும். மற்றவர்கள் நிழல், போக்குவரத்து, மழைத்தண்ணீர் என்று ஓரம் வரை நெருக்கி எழுதியிருந்தார்கள். வெர்டெல் அந்த மூன்று வரிகளையும் வெறுமையாக விட்டுவிட்டு, கீழே தேதி போட்டிருந்தார்.